சிறையில் அடிதடி குறைய எதில் தொடங்குவது?

கேள்வி: எங்கள் தொண்டு அமைப்புக்கு ஒரு சிறையில் வாரம் இருமுறை வகுப்பு நடத்த அனுமதி கிடைத்திருக்கிறது. சிறைவாசிகளுக்குள் அடிக்கடி நடக்கும் அடிதடி குறைய வேண்டும் என்கிறார் கண்காணிப்பாளர். தியானம், படிப்பு, தொழிற்பயிற்சி என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதை முதலில் எடுப்பது?

பதில்: எதை எடுப்பதற்கும் முன்னால், சண்டைகள் எந்த நேரத்தில், எந்த இடத்தில், எதற்காக நடக்கின்றன என்று கண்காணிப்பாளரிடம் கேளுங்கள். சாப்பாட்டு வரிசை, தொலைபேசியில் பேச யார் முறை, திருப்பித் தராத புகையிலைக் கடன், புதிதாக வந்தவரை மிரட்டிப் பார்ப்பது என்று சின்ன விஷயங்கள்தான் நிறைய வரும். தொலைபேசிக்காகத் தகராறு என்றால் ஒழுங்கான நேர அட்டவணை போட்டாலே அடங்கிவிடும். அதற்குத் தியான வகுப்பு எதற்கு?

சரி, வகுப்புக்கு வருவோம். நிர்வாகம் பெரும்பாலும் சொன்ன பேச்சு கேட்கிற சாதுவான ஆட்களையே அனுப்பிவைக்கும். அவர்களை வைத்து நடத்தினால் வகுப்பு அமைதியாக இருக்கும், ஆனால் சிறைவாசிகள் தங்கும் பிளாக்கில் ஒன்றும் மாறாது. சண்டை போடுகிறவர்களைத்தான் கேட்டு வாங்க வேண்டும். 1997-இல் சான் பிரான்சிஸ்கோ சிறை ஒன்றில் தொடங்கிய திட்டம் இதற்கு நல்ல உதாரணம். வன்முறைக் குற்றத்தில் வந்தவர்களை ஒரே கூடத்தில் தங்கவைத்து, நாள் முழுக்கப் பயிற்சி கொடுத்தார்கள். வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களே வந்து அவர்களிடம் பேசினார்கள். அந்தக் கூடத்தில் அடிதடி ஏறக்குறைய நின்றே போனது.

வாரம் இருமுறை வருகிற உங்களால் அந்த அளவுக்குச் செய்ய முடியாது. அதனால் நீங்கள் இல்லாத நாட்களில் நடத்த உள்ளேயே ஆள் வேண்டும். 1975-இல் நியூயார்க் மாநிலச் சிறை ஒன்றில், சிறைவாசிகள் கேட்டுக்கொண்டதால் குவேக்கர் சமயக் குழுவினர் ஆரம்பித்த வன்முறைத் தவிர்ப்புப் பட்டறைகள் பல நாடுகளுக்குப் பரவின. பட்டறையில் தேறிய சிறைவாசியே பிறகு நடத்துநராகிவிடுவார். பிளாக்கில் மதிப்புள்ள இரண்டு பேர் இப்படித் தயாரானால், ராத்திரியில் மூளும் சண்டையையும் பேசித் தீர்க்க ஆள் இருக்கும்.

படிப்பும் தொழிற்பயிற்சியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. விடுதலைக்குப் பிறகு மறுபடி குற்றத்துக்குப் போகாமல் தடுப்பதில் கல்விக்குப் பங்கு உண்டு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சும்மா கிடக்கும் நேரத்தையும் அது குறைக்கும். ஆனால் வகுப்புக்கு வந்தால் கூலியோ குடும்பத்தாரைப் பார்க்கும் நேர்காணலோ போய்விடும் என்றால் யாரும் வரமாட்டார்கள். அட்டவணை போடும்போதே இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

சிறைக்காவலர்களை மறக்க வேண்டாம். வகுப்பில் நிதானம் கற்றுக்கொண்டு திரும்பும் ஒருவரை வாசலிலேயே எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தினால், அன்றைய பாடம் அங்கேயே முடிந்தது. அவர்களுக்கும் தனியாக ஓர் அமர்வு வைத்துவிடுங்கள்.

சாப்பாட்டையும் கவனியுங்கள். இங்கிலாந்தில் 231 இளம் கைதிகளை வைத்து நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், வைட்டமின், தாது உப்பு, கொழுப்பு அமிலச் சத்துகள் பெற்றவர்களின் ஒழுங்குமீறல்கள் சுமார் 26 சதவீதம் குறைவாக இருந்தன.

முதல் சில மாதங்களில் புகார்கள் கூடினால் பதற வேண்டாம். முன்பு வாய்திறக்காதவர்கள் இப்போது நம்பிக்கையோடு சொல்வதாலும் அப்படி ஆகும். மருத்துவப் பிரிவின் காயப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காயங்களும் கூடியிருந்தால்தான் திட்டத்தை மாற்ற வேண்டும்.