பப்பாளிக்கு ஆணி அடிக்கலாமா? பழமரக் கேள்வி பதில்

கேள்வி: பங்கனப்பள்ளி ஒட்டு என்று வாங்கிய மா இப்போதுதான் காய்த்தது. ஒரே நார், புளிப்பு. நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

அவரைத் திட்டும் முன் மரத்தடியில் உட்கார்ந்து பாருங்கள். ஒட்டுப் போட்ட இடம் தழும்பு மாதிரி புடைத்திருக்கும். அதற்குக் கீழிருந்து கிளம்பிய கிளையே மரமாகியிருந்தால், நீங்கள் தின்றது அடிச்செடியின் காய், அதாவது நல்ல ரகத்தை ஒட்டுவதற்காக வேரோடு வைத்திருந்த செடியின் காய். அது பெரும்பாலும் கொட்டை போட்டு முளைத்த நாட்டு மா. கீழ்த்துளிர் வேகமாக வளர்ந்து மேலே உள்ள நல்ல ரகத்தை அமுக்கிவிடும். விரல் நீளத்திலேயே கிள்ளி எறிந்திருக்க வேண்டும். ஒட்டுக் கிளை இன்னும் உயிரோடு இருந்தால் கீழ்க்கிளையை அடியோடு அறுத்துவிடுங்கள். தழும்பையே காணோம் என்றால், நடும்போது அதை மண்ணுக்குள் புதைத்துவிட்டீர்கள். ஒட்டு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். இதை இன்று இன்னும் சில முறை சொல்வேன்.

கேள்வி: எலுமிச்சை இலையில் பறவை எச்சம் போல ஏதோ ஒட்டியிருக்கிறது, இலையும் குறைகிறது.

எச்சம் இல்லை, வண்ணத்துப்பூச்சியின் புழு. பெரிதானதும் பச்சையாகிவிடும். கையால் பொறுக்குங்கள், மருந்து வேண்டாம்.

கேள்வி: என் பப்பாளியில் பூ நீளக் காம்பில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. காயே இல்லை.

ஆண் மரம். பெண் பூ தண்டை ஒட்டியே உட்கார்ந்திருக்கும். அடுத்த முறை குழிக்கு மூன்று நாற்று வையுங்கள், பூ வந்த பிறகு நல்லதை விட்டு மற்றதை எடுங்கள். கோவை 7 என்ற ரகத்தின் விதை கிடைத்தால் இந்தத் தலைவலியே இல்லை. அதில் ஆண் மரம் வராது, பெண்ணும், ஒரே பூவில் ஆணும் பெண்ணும் உள்ள இருபால் மரமும்தான்.

கேள்வி: ஆண் பப்பாளியில் ஆணி அடித்தால் பெண்ணாகிவிடும். எங்கள் பாட்டி செய்து காய்த்ததே!

விதையிலேயே முடிவான விஷயம் அது. ஆனால் சில ஆண் மரங்கள் பருவம் மாறும்போது தொங்கும் காம்பின் நுனியில் ஒன்றிரண்டு காய் விடும். ஆணி அடிக்காவிட்டாலும் விட்டிருக்கும்.

கேள்வி: அப்படியானால் பலாவுக்கு விளக்குமாறும் செருப்பும் கட்டியதும் பொய்யா? மறு வருஷமே காய்த்தது, சார்.

காய்க்கும் வயது வந்திருக்கும், விளக்குமாறு பேர் வாங்கிக்கொண்டது.

கேள்வி: மாவில் பட்டையைக் கீறினால் பூக்கும் என்று நீங்கள் எல்லாரும்தானே சொல்கிறீர்கள்? அதுவும் காயம்தானே?

நல்ல கேள்வி, இதற்கு விவரமாகவே சொல்கிறேன். இலையில் தயாராகும் சத்து பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. பட்டையில் வளையமாகக் கீறினால் அது மேலேயே தேங்கும், அந்தக் கிளை பூக்க வாய்ப்பு உண்டு. பூக்க வைப்பது வேறு, ஆணைப் பெண்ணாக்குவது வேறு. பப்பாளித் தண்டோ மெத்தென்று, உள்ளே பொந்து. ஆணி ஓட்டை வழியாக அழுகல்தான் நுழையும். பாட்டி மேல் மரியாதையோடு, ஆணிப் பேச்சு இத்துடன் போதும்.

கேள்வி: பப்பாளியில் வெள்ளை மாவுப்பூச்சி. எந்த மருந்து?

2008ல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பூச்சி இது. மருந்தில் அடங்கவில்லை. 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த குட்டிக் குளவிதான் அடக்கியது. நீங்கள் மருந்தடித்தால் முதலில் சாவது அந்தக் குளவி. தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், மோசமான இலைகளை வெட்டிப் புதையுங்கள்.

கேள்வி: மா பூக்கவில்லை. என்ன டானிக் ஊற்றலாம்?

கேள்வி: எங்கள் மாவும் பூக்கவில்லை, தினமும் தண்ணீர் விடுகிறோம்.

இரண்டு பேருக்கும் சேர்த்து: டானிக் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். கார்த்திகையில் குழாயை மூடுங்கள், பிஞ்சு பட்டாணி அளவு வந்ததும் திறங்கள். யூரியா போட்டிருந்தால் இலைதான் கிடைக்கும்.

கேள்வி: தென்னையில் காண்டாமிருக வண்டு.

தென்னை என் பாடம் இல்லை. பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

கேள்வி: மா பூக்க டானிக்…

மேலே பாருங்கள்.

கேள்வி: சப்போட்டாக் கன்றை எவ்வளவு ஆழம் நடலாம்?

குழி மூன்றடி இருக்கட்டும். மேல்மண்ணும் மக்கிய எருவும் போட்டு நிரப்பி, தொட்டியில் இருந்த மட்டத்திலேயே நடுங்கள். சப்போட்டாவைப் பாலை மரக் கன்றில் ஒட்டியிருப்பார்கள். புதைத்தால் பாலை துளிர்த்து வளர்ந்துவிடலாம். ஆகவே, மறுபடியும்: ஒட்டு மண்ணுக்கு மேலே.