வேலையை விடாமல் எல்.எல்.பி. படிக்க முடியுமா?

கேள்வி: மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தவன். வயது 34. ஒசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. அப்பாவின் நிலத் தகராறுக்காகக் கோர்ட்டுக்கு அலைந்ததில் சட்டம் படிக்கும் ஆசை வந்துவிட்டது. இந்த வயதில் மூன்றாண்டு எல்.எல்.பி. சேரலாமா? வேலையை விடாமல் படிக்க வழி உண்டா? வெளிமாநிலக் கல்லூரி ஒன்றில் பணம் கட்டிவிட்டுத் தேர்வுக்கு மட்டும் போய்வந்தால் போதும் என்கிறார் நண்பர். நம்பலாமா? படித்து முடித்தால் பிழைப்பு எப்படி இருக்கும்?

பதில்: நண்பர் சொன்ன வழியை முதலில் மறந்துவிடுங்கள். உங்கள் கடிதத்தில் ஆபத்தான வரி அது ஒன்றுதான்.

சட்டப் படிப்பை நெறிப்படுத்துவது இந்திய பார் கவுன்சில். அதன் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் 65 வரை தளர்த்தலாம், அதற்கும் மொத்த வருகை 70-ஐத் தொட்டிருக்க வேண்டும். வாரத்துக்கு 30 மணி நேர வகுப்பு. தபால் வழியில் படித்த எல்.எல்.பி.யை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. அந்தக் காலத்து மாலைநேரக் கல்லூரியை நினைத்துக்கொண்டு இன்றைக்கும் பலர் கேட்கிறார்கள். அதெல்லாம் பழங்கதை.

2024 செப்டம்பரில் பார் கவுன்சில் பிடியை இன்னும் இறுக்கியது. கல்லூரிகளில் பயோமெட்ரிக் வருகைப் பதிவும் கண்காணிப்பு கேமராவும் வேண்டும், மாணவர் படிக்கும் காலத்தில் வேலை பார்த்தாரா என்று எழுத்துமூலம் உறுதி தர வேண்டும், பார்த்திருந்தால் நிறுவனத்தின் தடையில்லாச் சான்று காட்ட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. இப்போது உங்கள் நிலைமையை யோசியுங்கள். காலை எட்டரைக்கு ஒசூர் ஆலையில் நீங்கள் விரல் வைத்த பதிவு இருக்கிறது. அதே நாள் பத்து மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி வகுப்பில் உட்கார்ந்திருந்ததாகக் கல்லூரிப் பதிவேடு சொல்கிறது. இரண்டில் ஒன்று பொய். உண்மையை மறைத்துப் பதிவு செய்தவரின் பெயரை வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்க, 1961 வழக்கறிஞர்கள் சட்டத்தின் 26-ஆம் பிரிவு பார் கவுன்சிலுக்கு அதிகாரம் தருகிறது. பத்து வருடம் தொழில் நடத்திய பிறகும் அந்தக் கத்தி தலைக்கு மேல் தொங்கும். வழக்கில் உங்களிடம் தோற்ற எதிர்த்தரப்புக்காரர் ஒருவர் கோபத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டால் போதும்.

ஆகவே பகல் நேர வேலையோடு நேர்மையாக எல்.எல்.பி. முடிக்க முடியாது. நிறுவனம் மூன்று வருடமும் இரவு ஷிஃப்ட் மட்டும் கொடுத்து, தடையில்லாச் சான்றும் தந்தால் ஏட்டளவில் முடியும். அப்படிப் படித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் மதிய வகுப்பிலேயே கண் சொருகிவிடும். பரிந்துரைக்க மாட்டேன். மூன்று வருடக் குடும்பச் செலவுக்கு வழி செய்துகொண்டு வேலையை விடுங்கள், இல்லையென்றால் ஆசையைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

தள்ளிப்போடுவதால் வயது பிரச்சினை வராது. மூன்றாண்டுப் படிப்புக்கு 30 வயது உச்சவரம்பு என்று பார் கவுன்சில் வைத்திருந்ததை 2017-இல் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. ஓய்வு பெற்ற தாசில்தார்களும் வங்கி மேலாளர்களும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

தகுதி சாதாரணமானதுதான். எந்தப் பட்டமானாலும் சரி, பொதுப் பிரிவினர் 45, பிற்படுத்தப்பட்டோர் 42, பட்டியலினத்தவர், பழங்குடியினர் 40 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். பத்தாவது, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் படித்திருப்பது முக்கியம். பள்ளிப் படிப்பே இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்களுக்கு இடம் இல்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு அஞ்சல் வழியில் பட்டம் பெற்றவர்களுக்கு உண்டு.

தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் விண்ணப்பம் வாங்கி, பட்ட மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போட்டு, அரசு சட்டக் கல்லூரிகளுக்கு இடம் ஒதுக்குகிறது. உங்களுக்குத் தர்மபுரி பக்கம், சேலமும் எட்டும் தூரம்தான். பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகமான பெருங்குடி சீர்மிகு சட்டப் பள்ளியில் எல்.எல்.பி. ஹானர்ஸ் இருக்கிறது, அங்கே போட்டி கடுமை. பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியும் 2022 முதல் மூன்றாண்டு ஹானர்ஸ் படிப்பு நடத்துகிறது. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், கட்டணமும் அரசுக் கல்லூரியோடு ஒப்பிட முடியாத உயரம்.

படிப்பு கஷ்டமா என்று நீங்கள் கேட்கவில்லை. இன்ஜினியர்கள் சறுக்குவது அங்கேதான் என்பதால் சொல்கிறேன். 'பதினேழு வயதுப் பையன் வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்குகிறான். கடன் கொடுத்தவர் வழக்குப் போடலாமா?' என்று கேள்வி வரும். இன்ஜினியர் 'மைனர் ஒப்பந்தம், செல்லாது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். விடை சரி, மதிப்பெண் வராது. தீர்க்க வேண்டிய எழுவினா, அதாவது நீதிமன்றம் முடிவு சொல்ல வேண்டிய கேள்வி, எது என்று முதலில் பிரித்துக் காட்ட வேண்டும். பிறகு ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவர் யார் என்று சொல்லும் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு. அடுத்து மோகரி பீபி எதிர் தர்மோதாஸ் கோஷ் வழக்கில் 1903-இல் பிரிவி கவுன்சில் (பிரிட்டிஷ் காலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றம்) சொன்னது: மைனர் போட்ட ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது, கொடுத்த கடனையும் திருப்பிக் கேட்க முடியாது. அதோடும் விடக் கூடாது. பையன் வயதைக் கூட்டிச் சொல்லி ஏமாற்றியிருந்தால் என்ன, கடன் கொடுத்தவருக்கு உண்மை வயது தெரிந்திருந்தால் என்ன என்று இரு பக்கமும் வாதாடிவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். இரண்டு பக்கம் எழுதும் இந்தப் பழக்கம் வர ஒரு செமஸ்டராவது ஆகும். தமிழிலேயே தேர்வெழுதலாம். ஆனால் தீர்ப்புகளை ஆங்கிலத்தில் வாசிக்கப் பழகாமல் உயர் நீதிமன்றப் பக்கம் போக முடியாது.

புத்தகம் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் மாறிவிட்டன. கொலைக்கு 302 இல்லை, 103. ஊரே பேசும் 420 இப்போது 318. பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அள்ளிவிடாதீர்கள். நடந்துகொண்டிருக்கும் பழைய வழக்குகளுக்குப் பழைய சட்டம்தான் என்பதால், வக்கீலான பிறகு இரண்டும் தெரிந்தாக வேண்டும்.

இனி பிழைப்பு. படித்ததும் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பதிவுக் கட்டணமாகப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய், பட்டியலினத்தவர், பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிவான இரண்டு ஆண்டுக்குள் அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். குறிப்பு எழுதாத சட்டப் புத்தகத்தை உள்ளே கொண்டுபோகலாம், அதனால் பயப்பட வேண்டாம். சன்னது, அதாவது வக்கீலாகப் பதிவான சான்றிதழ், கையில் வந்த பிறகு முழுநேரச் சம்பள வேலை கூடாது. தொழிற்சாலைக்கே திரும்பிப் போவதென்றால் சன்னதை நிறுத்திவைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

ஜூனியராகச் சேர்ந்தால் முதல் இரண்டு வருடம் வாய்தா வாங்குவது, நகல் மனுப் போடுவது, கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு சீனியர் பின்னால் ஓடுவது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது தர வேண்டும் என்று உயர் நீதிமன்ற உத்தரவை ஒட்டி 2024-இல் மாநில பார் கவுன்சில் அறிவித்தது. எல்லா அலுவலகத்திலும் அது கைக்கு வருகிறது என்று நம்பி வீட்டு வாடகைக் கணக்குப் போடாதீர்கள். நேரே நீதிபதி தேர்வு எழுதலாம் என்ற கணக்கும் இப்போது இல்லை. உரிமையியல் நீதிபதி பணிக்கு மூன்றாண்டு வக்கீல் தொழில் கட்டாயம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உங்களுக்குச் சாதகமான இடமும் உண்டு. கண்டுபிடிப்பாளருக்காகக் காப்புரிமை (பேட்டன்ட்) விண்ணப்பங்களைக் கையாளும் காப்புரிமை முகவர் ஆவதற்கான தேர்வை எழுத அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் வேண்டும், வெறும் பி.ஏ.வோடு சட்டம் படித்தவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. அந்தத் தேர்வுக்குச் சட்டப் பட்டமே தேவையில்லை, வேலையில் இருந்துகொண்டே எழுதலாம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஆலைக்குள் ஷிஃப்டும் ஒப்பந்தத் தொழிலாளியும் எப்படி ஓடுகிறார்கள் என்று கண்ணால் பார்த்த வக்கீலுக்கு அங்கே மதிப்பு இருக்கும்.

அப்பாவின் வழக்கை நடத்துவதற்காக மட்டும் படிக்க நினைத்தால் வேண்டாம். நீங்கள் சன்னது வாங்க நான்கு வருடம் ஆகும், அந்த வழக்குக்கு இப்போதே நல்ல சிவில் வக்கீல் ஒருவர் தேவை. அது போக இன்னும் ஆசை மிச்சமிருந்தால் தரவரிசைக்கான மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, மாற்றுச் சான்றிதழ் மூன்றையும் எடுத்து வையுங்கள். மூன்றாண்டுப் படிப்புக்கான அறிவிப்பு ஐந்தாண்டுப் படிப்பின் அறிவிப்புக்குப் பிறகு தனியாக வரும். மே மாதமே பல்கலைக்கழக இணையதளத்தைப் பார்க்கத் தொடங்குங்கள்.