செடி கேள்வி பதில்: ஹாலி ஏன் காய்க்கவில்லை?

கேள்வி: வணக்கம் ஐயா. இங்கிலாந்தில் இருக்கும் என் மகள் வாசலில் ஹாலி செடி (கிறிஸ்துமஸ் அலங்காரத்தில் பார்ப்போமே, முள் ஓர இலையும் சிவப்புப் பழமுமாக, அதுதான்) வைத்திருக்கிறாள், இலை ஓரமெல்லாம் வெள்ளை, பார்க்க அவ்வளவு அழகு. 'சில்வர் குவீன்' என்று சொல்லி விற்றார்களாம். நாலு வருடமாகியும் சிவப்புப் பழம் ஒன்றுகூட வரவில்லை, இப்போது நடுவில் முழுப் பச்சையாக இரண்டு கிளைகள் வேகமாக எழும்புகின்றன. என்ன செய்வது? செந்தூலில் எங்கள் வீட்டு முன்னாலும் ஒன்று வைக்க ஆசை, வளருமா?
– ஒரு வாசகி, கோலாலம்பூர்

பதில்: வணக்கம் அம்மா. மகள் மேல் ஒரு தவறும் இல்லை, பெயர்தான் ஏமாற்றிவிட்டது. பப்பாளி மாதிரி ஹாலியிலும் ஆண் செடி தனி, பெண் செடி தனி. 'சில்வர் குவீன்' பெயரில்தான் ராணி, செடி ஆண். எத்தனை வருடம் காத்திருந்தாலும் காய்க்காது. ராஜா பெயரில் விற்கும் 'கோல்டன் கிங்', அந்த மஞ்சள் ஓரச் செடிதான் பெண்! இருப்பதைப் பிடுங்க வேண்டாம், பக்கத்தில் ஒரு பெண் செடி வைத்தால் போதும், பூக்கும் நேரத்தில் மற்றதைத் தேனீ பார்த்துக்கொள்ளும், அந்தப் பெண் செடியில் பழம் வரும். சந்தேகம் இருந்தால் பூவைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்: நடுவில் பச்சையாக உருண்டை தெரிந்தால் பெண், நுனியில் மகரந்தத் தூளோடு 4 மெல்லிய இழை (கேசரம்) நீட்டிக்கொண்டிருந்தால் ஆண். பழம் வந்த பிறகு பிள்ளைகள் வாயில் வைக்காமல் கவனம், வாந்தி பேதி ஆகும்.

பச்சைக் கிளைகளை இன்றைக்கே வெட்டச் சொல்லுங்கள். இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லாததால் செடிக்குக் கிடைக்கும் சாப்பாடு குறைவு, மெதுவாகத்தான் வளரும். முழுப் பச்சைக் கிளைக்கு அந்தக் குறை இல்லை, விட்டுவைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் செடி முழுவதையும் அதுவே பிடித்துக்கொள்ளும். நுனியைக் கிள்ளினால் பத்தாது, கிளம்பிய இடத்தோடு ஒட்ட வெட்ட வேண்டும். முள் குத்தும், கையுறை போட்டுக்கொள்ளட்டும்.

சரி, செந்தூலுக்கு வருவோம். உங்கள் ஆசை புரிகிறது, ஆனாலும் பணத்தைப் போடாதீர்கள் அம்மா. குளிர்காலம் கண்டு பழகிய செடி அது, இங்கே பகலில் 33 டிகிரி, ராத்திரியிலும் 24 டிகிரி, தாங்காது. மகளிடம் குச்சி வெட்டிப் பெட்டியில் அனுப்பச் சொல்லவும் வேண்டாம், இறக்குமதி அனுமதி இல்லாமல் செடி கொண்டுவருவது குற்றம்.

அதற்குப் பதில் சிங்கப்பூர் ஹாலி வையுங்கள். பூர்வீகம் மேற்கிந்தியத் தீவுகள், உண்மையில் ஹாலிக்குச் சொந்தமே இல்லை, ஆனால் அதே மாதிரி பளபளப்பான முள் ஓர இலை, சின்ன இளஞ்சிவப்புப் பூ, சிவப்புப் பழம், இடுப்பளவு உயரம். ஆண், பெண் என்று தேடும் வேலையும் இல்லை. வெள்ளை கலந்த இலை வகையும் இருக்கிறது, சுங்கை பூலோ நர்சரிகளில் கேட்டுப் பாருங்கள். நல்ல வெயில் வேண்டும், நிழலில் பூ குறையும். நம் சாயங்கால மழைக்குத் தண்ணீர் தேங்காத தொட்டியாக இருக்கட்டும். அப்புறம், வெள்ளை கலந்த வகை வாங்கினால் அதிலும் முழுப் பச்சைக் கிளை எழும்பலாம், கண்டதும் வெட்டிவிடுங்கள்.