பூக்கிழங்கு வாங்குமுன்

கேள்வி: பையில் வந்த ஹிப்பியாஸ்ட்ரம் (கடையில் அமரில்லிஸ் என்பார்கள்) கிழங்கு மூன்று நட்டேன். இலைதான் வருகிறது, பூ இல்லை. ஏமாந்துவிட்டேனா? (வாசகி, ஃபீனிக்ஸ், டர்பன், தென்னாப்பிரிக்கா)

பதில்: பாதி ஏமாற்றுத்தான், அம்மா. இந்தக் கிழங்கின் மதிப்பு சுற்றளவில் இருக்கிறது. 26/28 என்றால் சுற்றளவு 26 முதல் 28 செ.மீ.; பெரும்பாலும் இரண்டு பூத்தண்டு வரும். 20-க்குக் கீழே போனால் முதல் வருடப் பூவுக்கு உறுதியில்லை. ஆனால் பையில் பளபளவென்று பூப்படம் இருக்குமே தவிர அளவு இருக்காது. விலை மட்டும் பெரிய கிழங்கின் விலை! நான் காசைத் தொலைத்த பைகளும் இந்த ரகம்தான். இனி ஒரு நூலோடு கடைக்குப் போங்கள். கிழங்கின் பருத்த இடத்தில் சுற்றி அளந்து பாருங்கள். வேர் விடும் அடிப்பகுதியை அழுத்துங்கள், அமுங்கினால் வேண்டாம்.

இருப்பதை எறியாதீர்கள். கிழங்கைவிட இரண்டு விரல் அகலம் கூடிய தொட்டி போதும். மேல்பகுதி மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு வெளியே நிற்கட்டும். இலை இருக்கும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பொட்டாஷ் கூடிய திரவ உரம் கொடுங்கள். மே மாதம் தண்ணீரை நிறுத்தி, 8 முதல் 10 வாரம் மழை படாத இடத்தில் காயவிடுங்கள்.

கேள்வி: டர்பனில் துலிப் தொட்டியில் நிலைக்குமா?

பதில்: நிலைக்காது. வாங்காதீர்கள்.

கேள்வி: லாக்கனேலியா பூக்கிழங்கு ஆகஸ்டில் நன்றாகப் பூத்தது. தினமும் தண்ணீர் விட்டேன். டிசம்பரில் எல்லாம் கூழாகிவிட்டது. கடை பணம் தர மறுக்கிறது. (வாசகர், சாட்ஸ்வொர்த்)

பதில்: மறுக்கத்தான் செய்யும், ஐயா. பூத்து முடிந்த கிழங்கைக் கெட்ட சரக்கு என்று எப்படிச் சொல்வது? லாக்கனேலியா பெரும்பாலும் மேற்குக் கேப் மாகாணத்தின் குளிர்கால மழையில் வளர்வது, கோடையில் உறங்குவது. நமக்கோ கோடையில்தான், டிசம்பர் வாக்கில்தான், மழை. இலை மஞ்சளானதும் தொட்டியைக் கூரைக்குள் தள்ளுங்கள். மார்ச் வரை சொட்டுத் தண்ணீர் கூடாது. மண் கலவையில் பாதி பருமணல் இருக்கட்டும். பையின் பின்பக்கத்தைப் படித்தீர்களா? உங்கள் கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை.

கேள்வி: கூரியரில் வந்த செங்காந்தள் கிழங்குகள் எல்லாமே நுனி ஒடிந்திருந்தன. "வேறு முளை வரும், விற்றதைத் திருப்பி எடுப்பதில்லை" என்கிறது கடை. (வாசகி, டொங்காட்)

பதில்: வராது. கவட்டை போன்ற அந்தக் கிழங்கில் ஒவ்வொரு கைக்கும் நுனியில் ஒரே முளைதான். அது போனால் கிழங்கு வெறும் கட்டை. உங்கள் பணத்தை விடாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 56-இன்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் விற்றவர் செலவிலேயே திருப்பி அனுப்பலாம். பணமா, மாற்றுக் கிழங்கா என்று முடிவு செய்வது நீங்கள், கடை அல்ல. ஒடிந்த நுனி, பெட்டி, ரசீது மூன்றையும் படமெடுத்து எழுத்தில் கேளுங்கள். அதுவரை கிழங்கைச் சமையலறையில் வைக்க வேண்டாம், கொடிய விஷம்.

கேள்வி: இணையத்தில் நீலக் கிளைவியா பூச்செடியின் விதை விற்கிறார்கள். நம்பலாமா? கண்ணாடி அடைப்புக்குள் வளர்க்க நினைக்கிறேன். (வாசகர், லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்)

பதில்: நீலக் கிளைவியா என்று ஒன்று கிடையாது. படத்தில் நிறத்தை மாற்றியிருக்கிறார்கள். நல்ல விதையே பூக்க மூன்று நான்கு வருடமாகும். அதற்குள் விற்றவரை எங்கே தேடுவீர்கள்? மஞ்சள் கிளைவியா வேண்டுமானால் செப்டம்பரில், பூவோடு நிற்கும் செடியாகவே பார்த்து வாங்குங்கள். உங்கள் ஊர் உறைபனிக்குக் கண்ணாடி அடைப்பு நல்லதுதான், ஆனால் வடக்கு வெயில் நேரே விழுந்தால் இலை கருகும், கருகிய இலை தேறாது.