18 சதவீதம் காட்டும்போதே வண்டி நிற்பது ஏன்?

கேள்வி: என் மின்சார ஸ்கூட்டருக்கு இரண்டு வயது. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி. ஆயுள் கூடும் என்பதால் 80 சதவீதத்தோடு சார்ஜரை எடுத்துவிடுவேன். இப்போது 18 சதவீதம் இருக்கும்போதே மேம்பாலத்தில் வண்டி நின்றுவிடுகிறது. பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: பொறுங்கள், இப்போதே பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அந்த 80 சதவீதப் பழக்கமே இதற்குக் காரணமாக இருக்கலாம். நிக்கல் கலந்த என்எம்சி பேட்டரிக்கு அது நல்ல பழக்கம். எல்எஃப்பி வேறு ரகம்.

20 முதல் 80 சதவீதம் வரை எல்எஃப்பி செல்லின், அதாவது பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு சிறு அலகின், வோல்டேஜ் 3.2, 3.3 என்று ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். அதைப் பார்த்து மீதிச் சார்ஜைச் சொல்ல முடியாது. அதனால் பிஎம்எஸ் எனப்படும் பேட்டரி மேலாண்மை அமைப்பு, உள்ளே போன மின்சாரத்தையும் வெளியே வந்ததையும் வரவு செலவு போல எழுதிக்கொண்டே வருகிறது. சிறு பிழைகள் நாள்தோறும் சேரும்; முழுச் சார்ஜில்தான் கணக்கு நேராகும். டெஸ்லா தன் எல்எஃப்பி கார்களை வாரம் ஒருமுறையாவது 100 சதவீதம் ஏற்றச் சொல்வதும் இதற்காகத்தான்.

இன்னொன்று, செல்களின் சமநிலை, அதாவது எல்லா செல்களிலும் சார்ஜ் ஒரே அளவில் இருப்பது. 48 வோல்ட் வகைப் பேட்டரியில் பொதுவாக 16 செல்கள் தொடராக இருக்கும். ஒரே ஒரு செல் 2.5 வோல்ட்டை நெருங்கினாலும் பிஎம்எஸ் மொத்த மின்சாரத்தையும் நிறுத்திவிடும். மேட்டில் ஏறும்போது மின்னோட்டம் கூடி வோல்டேஜ் சரிவதால்தான் மேம்பாலத்தில் நிற்கிறது. பல பேட்டரிகளில் செல்களைச் சமன்படுத்தும் வேலை சார்ஜ் நிறையும் தறுவாயில்தான் நடக்கும், அதுவும் மிக மெதுவாக. 30 ஆம்பியர்-மணி செல்லில் ஒரு சதவீத வித்தியாசத்தை 100 மில்லிஆம்பியரில் சரிசெய்யவே மூன்று மணி நேரம் பிடிக்கும்.

ஆகவே வண்டியோடு வந்த சார்ஜரில், வண்டி சூடு ஆறிய பிறகு, நான்கைந்து முறை 100 வரை ஏற்றி, அதன் பிறகும் சில மணி நேரம் இணைப்பிலேயே விடுங்கள்.

அப்படியும் நின்றால், சர்வீஸ் மையத்தில் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் இரு முறை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்: சார்ஜ் நிறையும் நேரத்தில் ஒன்று, தீரும் நேரத்தில் ஒன்று. கடைசியாக நிறைந்து முதலில் தீரும் செல் சமநிலை தவறியது, அதைச் சரிசெய்துவிடலாம். முதலில் நிறைந்து முதலிலேயே தீரும் செல் கொள்ளளவை இழந்துவிட்டது. என் மேசைக்கு வந்த ஒரு பேட்டரியில் 15 செல்கள் 3.2-ல் இருக்க, ஏழாவது மட்டும் 2.6-ல் கிடந்தது, நிறையும்போதும் அதுதான் முந்தியது. உங்களுடையதும் அப்படி என்றால், அந்த அளவீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாரண்டி கேளுங்கள்.

பிஎம்எஸ்ஸைத் தவிர்த்து நேரடியாக வயர் இணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். தீ விபத்துக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும் காவல் அது.