பழைய பெட்போர்ட் லொறிக்கு எந்தத் தீயணைப்பான் நல்லது, எங்கே பூட்டுவது?

2 கிலோ ஏபிசி உலர்தூள் சிலிண்டர், அழுத்தமானி உள்ளதாக எடுங்கள். பெற்றோல், வயர், சீற் எதில் பிடித்த தீக்கும் அது உதவும். காபனீரொட்சைட்டு கறை வைக்காது, ஆனால் வெளிக்காற்றில் கலைந்துவிடும்.

சிலிண்டரைப் பிடித்து வைக்கும் சட்டம் பிளாஸ்டிக்கில் வேண்டவே வேண்டாம். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைப் பக்கம் இரும்புப் பட்டியும் கொளுக்கியும் உள்ளதாகத் தேடுங்கள். சாரதிக் கதவைத் திறந்து தரையில் நின்றபடியே கை எட்டும் சீற் அடிச்சட்டம்தான் சரியான இடம். எஞ்சின் அருகே வைத்தால் தீ பிடித்ததும் நெருங்க முடியாது. துளையிடுமுன் அடியில் பிரேக் குழாய், வயர், பெற்றோல் தாங்கி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பழைய தகடு உக்கியிருக்கும். போல்ட்டுக்கு அடியில் அகலமான வாஷரும் நைலோன் பூட்டு நட்டும் போடாவிட்டால் துளை பெரிதாகி, சிலிண்டர் பிரேக் பெடலுக்கு அடியில் உருண்டு போகும். அது தீயைவிட ஆபத்து.

லொறி அதிர்வில் தூள் இறுகலாம். மாதம் ஒருமுறை கழற்றித் தலைகீழாகக் குலுக்குங்கள். தூள் சரிவது கையில் தெரியவேண்டும். இறுகியிருந்தால், அழுத்தமானி முள் பச்சையில் நின்றாலும் வாயு மட்டுமே வெளியேறக்கூடும்.