செஞ்சிக் கோட்டை: கேட்டவையும் சொன்னவையும்

செஞ்சியில் பிறந்து, முப்பது ஆண்டுகளாக வெளியூர் விருந்தாளிகளைக் கோட்டையின் ராஜகிரி மலைக்கு அழைத்துப்போய் முழங்காலைத் தேய்த்துக்கொண்டவன் நான். அந்த ஒரு தகுதியை நம்பித்தான் இங்கே பதில் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

கேள்வி (மயிலாடுதுறை வாசகர்): தேசிங்கு ராஜா கட்டிய கோட்டை என்று என் பாட்டி சொல்வார். சரிதானே?

பாட்டி மன்னிக்க வேண்டும். தேசிங்கு ஆண்டது ஏறக்குறைய பத்து மாதம். கோட்டைக்குச் சுண்ணாம்பு அடிக்கக்கூட அவருக்கு நேரம் இருந்திருக்காது. அவர் பிறப்பதற்கு ஐந்நூறு ஆண்டுகள் முன்பே, 1200ஆம் ஆண்டை ஒட்டி, ஆனந்தக் கோன் என்ற இடையர் குலத் தலைவர் மலைமேல் அரண் எழுப்பியதாக மரபு. கிருஷ்ணகிரி என்ற மலைக்குப் பெயர் தந்தவர் அவருக்குப் பின் வந்த கிருஷ்ணக் கோன்.

இன்று நாம் வாய்பிளந்து பார்க்கும் பெருங்கட்டடங்களில் பெரும்பாலானவை விஜயநகரத்தின் கீழ் ஆண்ட செஞ்சி நாயக்கர் காலத்தவை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் இணைத்து ஓடும் மதிலின் சுற்றளவு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். 1597இல் வந்த பிமெண்டா என்ற ஏசுசபைப் பாதிரியார், லிஸ்பனைத் தவிர போர்ச்சுகலின் எந்த நகரத்தைவிடவும் இது பெரியது என்று எழுதினார். இப்போது அந்த நகரம் இருந்த இடத்தில் வேர்க்கடலை விளைகிறது.

கேள்வி (அதே வாசகர்): அப்படியானால் தேசிங்கு கதையே பொய்யா?

பொய் இல்லை. ஊர்கூடி வளர்த்த உண்மை. அவர் பெயர் தேஜ் சிங், புந்தேல ராஜபுத்திரர். மொகலாயருக்காகக் கோட்டையைக் காத்துவந்த தந்தை சொரூப் சிங் 1714இல் இறக்க, மகன் பொறுப்பேற்றார். கப்பம் கட்ட மறுத்தார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையோடு வந்தார். அந்த ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி போரில் தேசிங்கு இறந்தார். வயது 22.

கணக்குப் பார்த்தால் வரிப்பாக்கித் தகராறு. ஆனால் தன் கல்யாணப் பந்தலைவிட்டு எழுந்து வந்து அவரோடு மடிந்த நண்பன் மோவுத்துக்காரனும், நீலவேணிக் குதிரையும், உடன்கட்டை ஏறிய ராணியும் கதைப்பாட்டிலும் தெருக்கூத்திலும் நிலைத்துவிட்டார்கள். ராணிப்பேட்டைக்குப் பெயர் வந்தது அந்த ராணியால்தான். வடக்கே இருந்து வந்த ஒரு இந்து இளைஞனையும் அவனுடைய முஸ்லிம் நண்பனையும் எங்கள் ஊர் தன் பிள்ளைகளாகவே பாடுகிறது. சிறுவயதில் விடிய விடியக் கூத்துப் பார்த்திருக்கிறேன். மோவுத்துக்காரன் விழும் கட்டத்தில் என் பக்கத்தில் இருந்த கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைத்தது இன்னும் நினைவிருக்கிறது.

கேள்வி (ஆரணி ஆசிரியை): கோன் தொடங்கி நாயக்கர் கட்டியது என்கிறீர்கள். யுனெஸ்கோ மட்டும் மராட்டியர் கோட்டை என்று ஏன் அறிவித்தது? என் மாணவர்கள் கோபமாகக் கேட்கிறார்கள்.

அந்தக் கோபம் எனக்கும் ஒரு வாரம் இருந்தது அம்மா. 2025 ஜூலை 11 அன்று பாரிசில் அறிவித்தது செஞ்சியை மட்டும் அல்ல. 'இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற தலைப்பில் 12 கோட்டைகளை. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று நம்முடையது. தலைப்பே மராட்டியர் என்பதால் செஞ்சி அந்த வாசல் வழியாக உள்ளே போனது.

மராட்டியர் இதை வைத்திருந்தது சுமார் இருபது ஆண்டுகள். 1677இல் சிவாஜி பிஜப்பூர்க்காரர்களிடமிருந்து கைப்பற்றினார். மதில்களைப் புதுப்பித்து அகழி வெட்டினார். 1689இல் அவர் மகன் ராஜாராம் ஔரங்கசீப்பிடமிருந்து தப்பி, யாத்திரிகர் வேடத்தில் இங்கே வந்து சேர்ந்தார். அதன்பின் எட்டு ஆண்டுகள் மராட்டிய அரசின் தலைநகரமே செஞ்சிதான். ஆகவே அந்தப் பட்டம் பொய் அல்ல. ஆனால் பல அத்தியாயம் கொண்ட புத்தகத்துக்கு ஒரே அத்தியாயத்தின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். மற்ற அத்தியாயங்களை வகுப்பில் நடத்த உங்களை யாரும் தடுக்கப்போவதில்லை.

கேள்வி (சேலம் வாசகர்): ராஜாராமைப் பிடிக்க மொகலாயர் எட்டு ஆண்டு முற்றுகையிட்டார்கள் என்று படித்தேன். உள்ளே இருந்தவர்கள் எதைக் குடித்து எதைத் தின்று பிழைத்தார்கள்?

இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். செஞ்சிக்கு வருபவர்கள் எல்லாம் மதிலைப் பார்க்கிறார்கள். நான் தண்ணீரைப் பார்க்கச் சொல்வேன். ராஜகிரி உச்சி சுமார் 800 அடி உயரம். அவ்வளவு உயரத்திலும் சுனை உண்டு. மழைநீரைத் தேக்கும் தொட்டிகள் உண்டு. அடிவாரத்தில் சக்கரக்குளம், செட்டிக்குளம், ஆனைக்குளம். வளைவுக் கூரையோடு நிற்கும் களஞ்சியத்துக்குள் நுழைந்து பேசிப் பாருங்கள், உங்கள் குரலே உங்களைச் சுற்றி வரும்.

கல்யாண மகாலை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும். நடுவில் அடுக்கடுக்காக எழும் கோபுரம். மாடி ஏழா எட்டா என்று எண்ணுபவர்களுக்குள் சண்டை வரும். அந்த மேல்மாடிகளுக்குச் சுவருக்குள் பதித்த சுடுமண் குழாய் வழியே தண்ணீர் ஏறியிருக்கிறது. மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. வெளியே உயரத்தில் இருந்த நீர்த்தேக்கத்தின் அழுத்தம் மட்டும்தான். என் வீட்டு மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாத நாளெல்லாம் அந்தக் குழாய்தான் நினைவுக்கு வருகிறது.

ஆனால் எட்டு ஆண்டும் இடைவிடாத முற்றுகை என்று எண்ணிவிடாதீர்கள். மொகலாயத் தளபதி சுல்பிகர் கானால் இந்த மதிலை முழுவதும் சுற்றி வளைக்கவே முடியவில்லை. சாந்தாஜி, தனாஜி என்ற மராட்டியத் தளபதிகளின் குதிரைப்படை வெளியிலிருந்து தானிய வழியை அறுத்தது. பட்டினி கிடந்தது முற்றுகையிட்டவன்! ஔரங்கசீப்பின் மகன் காம் பக்ஷ் எதிரியோடு ரகசியப் பேச்சு நடத்தியதாக அவனைச் சொந்தத் தளபதிகளே சிறைப்பிடித்தார்கள். 1693 தொடக்கத்தில் சுல்பிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்கினார். கடைசியில் 1698இல் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை. சுல்பிகர் கான் கண்ணை மூடிக்கொண்டு அவரைத் தப்ப விட்டார் என்றே பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அதில் சந்தேகம் இல்லை.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): எட்டு ஆண்டு தாங்கியதைப் பிரெஞ்சுக்காரர் ஒரே இரவில் பிடித்தது எப்படி?

1750 செப்டம்பரில் நடந்தது. காவல் படை சோர்ந்திருந்தது. பண்ருட்டி அருகே திருவதியில் தோற்று ஓடிவந்த ஆற்காட்டு நவாப் முகமது அலியின் வீரர்கள்தான் உள்ளே ஒதுங்கியிருந்தார்கள். பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி வாயிற்கதவை வெடிவைத்துத் தகர்த்து, இருட்டிலேயே மூன்று மலைகளிலும் ஒரே நேரத்தில் ஆட்களை ஏற்றினார். விடிந்ததும் தாங்கள் ஏறிவந்த பாறைகளைப் பார்த்து அவர்களே திகைத்துப்போனார்களாம்.

பிடித்த பிறகுதான் வினையே. ஒரு நேரத்தில் நூறு ஐரோப்பியருக்கு மேல் இங்கே வைத்ததில்லை. ஆனாலும் பத்து ஆண்டுகளில் 1,200 பேரை இழந்தார்கள் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. பீரங்கி அல்ல, காய்ச்சல். 1761இல் முற்றுகையிட்ட ஆங்கிலேயர் தரப்பிலும் நோயால் நூற்றுக்கணக்கானோர் போனார்கள். எங்கள் ஊர்க் கொசுவுக்கு யுனெஸ்கோ ஏதாவது பட்டம் தரலாம்.

கேள்வி (அதே வாசகர்): எங்கள் கடற்கரைக் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்கள் செஞ்சியினுடையவையா?

ஆம், எங்களுடையவைதான். வெங்கடரமணர் கோவிலிலிருந்து பிரெஞ்சுக்காரர் பெயர்த்துக் கொண்டுபோனவை. நீங்கள் திருப்பித் தர வேண்டாம். அடுத்த முறை அங்கே சுண்டல் தின்னும்போது நிமிர்ந்து ஒரு பார்வை பாருங்கள், போதும்.

கேள்வி (கல்லூரி மாணவர், வேலூர்): ராஜகிரி உச்சிப் பீரங்கியில் 7560 என்று பொறித்திருக்கிறது. ஆண்டா?

எடையாக இருக்கலாம் தம்பி. 7,560 பவுண்டு என்றால் சுமார் மூன்றரை டன். ஒரு தண்ணீர் பாட்டிலை ஏற்றவே நமக்கு மூச்சு வாங்குகிறது.

கேள்வி (சென்னை வாசகி): இன்று கோட்டை எதற்காவது பயன்படுகிறதா, இல்லை வெறும் இடிபாடா?

1780இல் ஹைதர் அலி பிடித்த பிறகு போர்க்களமாக இதற்கு வேலை இல்லாமல் போயிற்று. 1921இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

ஆனால் மலைப்பாதியில் கமலக்கன்னி அம்மன் இருக்கிறாள். கோன் போய், நாயக்கர் போய், நவாப் போய், எல்லாரும் போன பிறகும் அவளுக்குச் சித்திரையில் திருவிழா நடக்கிறது. அன்றைக்கு மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாகப் படியேறும் பெண்களில் பலர் எந்த அரசன் எப்போது ஆண்டான் என்று கேட்பதில்லை. மற்ற நாட்களில் பள்ளிச் சுற்றுலா, புகைப்படக்காரர்கள், காதலர்கள். காதலர்களிடம் ஒரு வேண்டுகோள்: நானூறு ஆண்டுச் சுண்ணப்பூச்சில் சாவியால் பெயரைக் கீறாதீர்கள். போன மாதம் ஒருவனைக் கையும் களவுமாகப் பிடித்தேன். அவள் பெயரில் எழுத்துப்பிழை வேறு.

கேள்வி (அதே வாசகி): அம்மாவுக்கு முழங்கால் வலி. அழைத்து வரலாமா?

தாராளமாக. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் எந்தப் பஸ்ஸும் செஞ்சியில் நிற்கும். ராஜகிரிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். அவற்றை அம்மாவுக்குக் காட்டாதீர்கள். கல்யாண மகால், களஞ்சியம், ஆனைக்குளம் எல்லாம் சமதரையில் இருக்கின்றன. நீங்கள் ஏறுவதானால் காலையிலேயே தொடங்குங்கள். பிற்பகல் மூன்று மணிக்குமேல் மலையேற விட மாட்டார்கள். உச்சிக்குச் சற்று முன்னால் மலையே இரண்டாகப் பிளந்தாற்போல் ஒரு பள்ளம் வரும், அறுபது அடி ஆழம். அந்தக் காலத்தில் மரப்பாலத்தை இழுத்துக்கொண்டால் மேலே இருப்பவனை யாரும் தொட முடியாது. இப்போது நிலையான பாலம் இருக்கிறது. நடுவில் நின்று கீழே பாருங்கள், ஆனால் கையில் தின்பண்டம் வேண்டாம். அங்கே சுங்கம் வசூலிப்பவை குரங்குகள்; தேசிங்கைப்போலக் கட்ட மறுத்துப் பயனில்லை.